ஃபோர்ஜ்டு என்று சொல்லி வார்ப்புப் பிஸ்டனைத் தலையில் கட்டிவிட்டார்கள்: மூன்று லட்சம் போச்சு

டர்போ எஞ்சினுக்கு உள்பாகங்களை ஆன்லைனில் வாங்கப் போகிறவர்கள் காசு அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் மூன்று லட்சம் போய்விட்டது. முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். கோபம் ஆறாமல் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின். பூஸ்ட்டை, அதாவது டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தை, நன்றாக ஏற்றப் போகிறேன் என்பதால் கம்பெனி வார்ப்புப் பிஸ்டன் (உருக்கி அச்சில் ஊற்றியது) தாங்காது. ஒருமுறை பலமாக நாக் ஆனாலே (பெட்ரோல் கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துவிடும். அதனால் ஃபோர்ஜ்டு பிஸ்டன் (உலோகக் கட்டியை அச்சில் அழுத்திச் செய்தது), 4340 என்ற வலுவான ஸ்டீலில் செய்த கனெக்டிங் ராட், ராடுக்கு ஏஆர்பி கம்பெனியின் 2000 ரகப் போல்ட், எல்லாம் சேர்ந்த ஒரு செட். விற்றவர், பல வியாபாரிகள் கடை போடும் ஒரு உதிரிபாகத் தளத்தில் நல்ல ரேட்டிங்குடன் இருப்பவர்.

இந்த ஆள் பேசியதைக் கேட்டால் யாருமே நம்புவார்கள். விலையை முதலில் சொல்லவே இல்லை. எவ்வளவு பூஸ்ட், என்ன பெட்ரோல், கம்ப்ரெஷன் எவ்வளவு வைக்கப் போறீங்க என்று கேட்டார். 2618 என்ற அலுமினிய அலாயில் செய்த பிஸ்டனை எடுக்கச் சொன்னார். அதில் சிலிக்கான் கிட்டத்தட்ட இல்லை, நாக் வந்தாலும் சட்டென்று வெடிக்காது, ஆனால் சூட்டில் அதிகமாக விரியும், பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் கூடுதல் இடைவெளி விடணும் என்றார். "காலைல ஸ்டார்ட் பண்ணும்போது தட்டுற சத்தம் வரும் சார், பயந்துடாதீங்க." 4032 என்ற இன்னொரு அலாயில் சிலிக்கான் 12 சதவீதம் அளவுக்கு இருக்கும், சத்தம் குறைவு, ஆனால் அடி தாங்காது என்றார். எல்லாம் சரியான தகவல். அப்புறம் சொன்னார் பாருங்கள்: "பிஸ்டன் கைக்கு வர்ற வரைக்கும் பிளாக்கைத் தொடாதீங்க. பிஸ்டனை அளந்துட்டுத்தான் போர் பண்ணணும்." போர் என்றால் பிளாக்கில் உள்ள சிலிண்டரைக் குடைந்து அளவாக்குவது. இதைச் சொல்கிற ஆள் ஏமாற்றுவானா? நான்கு பிஸ்டனையும் தராசில் வைத்து, கிராம் பிசகாமல் ஒரே எடை என்று காட்டி வீடியோ வேறு அனுப்பினார். அன்றே மூன்று லட்சத்தையும் போட்டேன்.

பெட்டி வந்தது. போரிங் பட்டறைப் பெரியவர் ஒரு பிஸ்டனைக் கவிழ்த்து விளக்கடியில் பிடித்தார். "தம்பி, இது ஃபோர்ஜிங் இல்லை." உள்ளே அச்சுத் துண்டுகள் சேர்ந்த கோடு தெரிந்தது. பிஸ்டனை ராடோடு கோர்க்கும் பின் (pin) நுழைகிற துளைக்கு மேலே உட்பக்கமாக ஒரு குடைவு. ஃபோர்ஜிங்கில் அச்சு நேராக இறங்கி நேராக வெளியே வரும். உள்ளே மடங்கிய குடைவு அதில் விழாது. எடை போட்டால் லேசான பிஸ்டனுக்கும் கனமானதுக்கும் 11 கிராம் வித்தியாசம். வீடியோவில் இருந்தது வேறு பிஸ்டன்கள்! ராட் போல்ட் தலையில் ஒரு எழுத்து இல்லை, ஒரு குறி இல்லை. பூஸ்ட் ராடை அமுக்கத்தான் செய்யும். போல்ட்டைப் பிடித்து இழுப்பது ஆர்பிஎம், எஞ்சின் சுழலும் வேகம். அது அறுந்தால் ராட் பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

விற்றவரைக் கூப்பிட்டேன். "உங்க மெஷின் ஷாப்காரருக்கு அனுபவம் பத்தாது சார்" என்றார். சரி என்று ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் (உலோகத்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது) எடுத்தேன். சிலிக்கான் 11 சதவீதத்துக்கு மேல். 2618-ல் அது கால் சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ரிப்போர்ட்டை அனுப்பினதும் பேச்சு மாறியது: "அது 4032 சார், அதுவும் ஃபோர்ஜ்டுதான், இன்னும் நல்லது." அப்படியே 4032 என்றாலும், நீங்கள் எழுதிக் கொடுத்த இடைவெளி 2618-க்கு உரியதாச்சே, அந்த அளவில் போர் பண்ணியிருந்தால் என் பிளாக் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். லைன் கட். அதற்குப் பிறகு, "ஓனர் ஊர்ல இல்லை."

தளத்துக்காரர்கள் அதற்கும் மேல். பெட்டியைப் பிரித்த எஞ்சின் பாகத்துக்கு ரிட்டர்ன் கிடையாதாம். பிரிக்காமல் பிஸ்டனின் உட்பக்கத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கேட்ட படங்களையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில் புகாருக்கு நேரே "தீர்க்கப்பட்டது" என்று போட்டுவிட்டார்கள். எனக்குத் தீர்ந்தது மூன்று லட்சம்தான்.

டர்போ எஞ்சினுக்கு உள்பாகங்களைத் தேர்வு செய்வது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பிஸ்டன் படம் கேட்டால் உட்பக்கப் படத்தைக் கேளுங்கள், மேல்பக்கத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. எந்த அலாய், எவ்வளவு இடைவெளி என்று தயாரிப்பாளரே அச்சடித்த தாள் பெட்டிக்குள் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வியாபாரி கையால் எழுதிய தாள் எதற்கும் உதவாது. "ரிங் கேப் நாங்களே வெச்சு அனுப்புறோம்" என்பவரிடம் வாங்காதீர்கள், ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியை உங்கள் சிலிண்டரில் ரிங்கை வைத்து அளந்துதான் அரைக்க வேண்டும். போல்ட்டைத் தனியாக, தயாரிப்பாளரின் நேரடி டீலரிடம் வாங்குங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், பேச்சு முழுவதையும் தளத்தின் சாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னதெல்லாம் கணக்கில் வராது என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள்.