ருசி பார்த்தது ஒன்று, பையில் வந்தது வேறொன்று

போன சனிக்கிழமை சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் உணவுக் கண்காட்சிக்குப் போய் ஏமாந்து வந்த கதை இது. கடைக்காரர் பெயர், நடத்தியவர்கள் பெயர் எதுவும் போடவில்லை. புகார் கொடுத்தாயிற்று, அது ஒரு பக்கம் நடக்கட்டும். இதே கடை அடுத்த மாசம் வேறு ஊரில் வேறு பெயரில் முளைக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

நுழைவுச்சீட்டு ஆளுக்கு 299. போஸ்டரில் 'நூறு ருசி' என்று இருந்ததைப் பார்த்து, ருசியும் அந்தக் காசுக்குள் அடக்கம் என்று நினைத்தது எங்கள் அப்பாவித்தனம். உள்ளே போனதும் ஒரு பிளாஸ்டிக் கார்டு வாங்கி அதில் பணம் ஏற்ற வேண்டும். கடைகளில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், ஜிபேயும் கிடையாது. 3,000 ஏற்றினோம். கார்டுக்கென்று 50 பிடித்துக்கொண்டார்கள். கட்டைவிரல் உயரக் காகிதக் கப்பில் நன்னாரி சர்பத் 40, பல்குத்தும் குச்சியில் செருகிய ஒரே ஒரு பன்னீர்த் துண்டு 60. இப்படியே 480 போனது. பகல் கொள்ளைதான், ஆனாலும் விலையை எழுதி வைத்திருந்தார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை.

ஏமாந்தது, காசு வாங்காமல் ருசி காட்டிய கடையில்.

கருப்பட்டி, தேன், செக்கு எண்ணெய் விற்கிற ஸ்டால். 'புவிசார் குறியீடு பெற்ற உடன்குடி கருப்பட்டி' என்று பெரிய பேனர். கூட வந்த என் மாமியாருக்கு உடன்குடியை அடுத்த சாத்தான்குளம் பக்கம்தான் ஊர். பேனரைப் பார்த்ததுமே கால் அங்கே திரும்பிவிட்டது. ஒரு பையன் சிரட்டை வடிவத்தில் கறுப்பாக இருந்த வட்டிலிருந்து கத்தியால் செதுக்கி, "சாப்ட்டுப் பாருங்க பாட்டிம்மா" என்று கையில் வைத்தான். நானும் வாயில் போட்டேன். லேசான புகை வாசம், இனிப்புக்குப் பின்னால் ஓர் உவர்ப்பு. அத்தை கண்ணை மூடித் திறந்து, "நம்ம ஊருச் சரக்குதான்" என்றார். அதற்கு மேல் யார் யோசிப்பார்கள்? கிலோ 550, மூன்று கிலோ. பையன் மேஜைக்கு அடியிலிருந்து மூன்று ஓலைப் பெட்டிகளை எடுத்தான். மேலே பிளாஸ்டிக் சுற்றி ஒட்டியிருந்தது. 'இதையே வெட்டிக் கொடுப்பா' என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

தேனுக்கு ஒரு வித்தையே காட்டினான். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டான், கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது. கூட்டம் கை தட்டாத குறை. கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படித்தான் உட்காரும். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020-ல் 13 பிராண்டு தேனைச் சோதித்தபோது, எல்லாச் சோதனையையும் தாண்டியவை மூன்றே மூன்று. ஜெர்மனி ஆய்வகம் வரை அனுப்பித்தான் பாகைப் பிடித்தார்கள். அதை டம்ளர் தண்ணீர் பிடித்துவிடுமா? இதெல்லாம் தெரிந்த நானும் "அரை லிட்டர் 700தான் அக்கா" என்றதும் ஒரு பாட்டில் வாங்கினேன். வீட்டில் லேபிளைப் பார்த்தால் 500 கிராம். தேன் தண்ணீரைவிடக் கனம், அரை லிட்டர் என்றால் ஏறக்குறைய 700 கிராம் இருக்க வேண்டும். 200 கிராம் வாய்வார்த்தையிலேயே காணாமல் போயிருந்தது.

மறுநாள் காலை காப்பிக்குப் பெட்டியைப் பிரித்தார் அத்தை. உடைத்த இடத்தில் சீனி மாதிரி மினுமினுப்பு. நாக்கில் வைத்தால் வெறும் தித்திப்பு, வாசமே இல்லை. நான், "நேத்து வெயில்ல அலைஞ்சதுல நமக்கு ருசி தெரியலையோ என்னமோ" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை ஒன்றும் பேசாமல் உள்ளே போய், முந்தின நாள் கட்டியிருந்த சேலையை எடுத்து வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பையன் கொடுத்த துண்டில் பாதி அதற்குள் இருந்தது. இரண்டையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ஏ பிள்ள, இதுவும் இதுவும் ஒரே சட்டியில காச்சுனதா? நீயே சொல்லு" என்றார். ஒன்று கறுப்பு, ஒன்று மண் நிறம். நேற்று வாங்கும்போது பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் நான்கு வயசுக் குழந்தைகூடச் சொல்லியிருக்கும்.

உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. அது அந்த வட்டாரத்துச் சரக்குக்குக் கிடைத்தது, பேனர் அடிக்கிறவருக்கு இல்லை. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை எடுத்து உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை விரல் வைத்து எண்ணினேன். 14 இலக்கம் இருக்க வேண்டும், இதில் 13. தயாரித்த தேதி இல்லை, முகவரி இல்லை.

ஞாயிறு மதியமே என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். அந்த இடத்தில் அப்பளக் கடை. நடத்துகிறவர்கள் மேஜையில், "நாங்க இடம் வாடகைக்கு விடறதோட சரி மேடம்" என்றார் ஒருவர். பில்லைக் காட்டினேன். அதில் இருப்பது கண்காட்சியின் பெயரும் 'ஸ்டால் 47' என்பதும் மட்டும். அப்போதுதான் உறைத்தது: ஜிபேயில் அனுப்பியிருந்தால் வாங்கினவர் பெயராவது போனில் நின்றிருக்கும். கார்டில் தேய்த்ததால் என் கணக்கில் அப்படி ஒரு கடையே இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதும், பழுதான பொருளை, பில்லில் வேறு கெடு போடாதபோது, 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம். அதைச் சொன்னதும் அந்த ஆள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவர்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்தேன், எண் கொடுத்தார்கள். பெட்டி, சீட்டு, முந்தானைத் துண்டு மூன்றையும் சேர்த்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இப்படி ஏதாவது கண்காட்சியில் வாங்குகிறவர்கள் ருசி பார்த்த வட்டையே எடை போடச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் நகர்ந்துவிடுங்கள். கார்டில்தான் வாங்குவோம் என்றால் பணம் கொடுக்கும் முன் ஸ்டாலையும் லேபிளையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் 120 ரூபாய் அந்தக் கார்டிலேயே இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கே ரீஃபண்டு கவுன்டரை மூடிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கேட்டால், "அது நேத்து கார்டு மேடம்."