நிறம் பூசிய மேப்பா, நேரம் காட்டும் மேப்பா?

வேலை மாறியபோது மூன்று நகரங்களில் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார்கள். மூன்றிலும் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை, நேரில் போய்ப் பார்க்க லீவும் இல்லை. ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாக மேப்பை நோண்டித்தான் முடிவெடுத்தேன்.

ஊர் தேட உதவும் மேப்களை இரண்டு ரகமாகப் பார்க்கிறேன். முதல் ரகம், வாடகை, செலவு, காற்று மாசு என்று ஊருக்கு ஊர் நிறம் பூசிக் காட்டும். பத்து ஊரை மூன்றாகக் குறைக்க அது போதும். அதற்கு மேல் நம்ப முடியவில்லை. ஊர்களின் வாழ்க்கைச் செலவை ஒப்பிடும் நம்பியோ (Numbeo) மாதிரித் தளங்களில் விலை விவரங்களில் பெரும்பகுதி பயனர்களே நிரப்புவது. சின்ன ஊர் என்றால் நிரப்பியவர்களும் கொஞ்சம் பேர்தான். தவிர, ஊர் முழுக்க ஒரே நிறம் என்றால் நான் குடிபோகும் தெருவைப் பற்றி அது என்ன சொல்லிவிடும்?

என் ஓட்டு இரண்டாவது ரகத்துக்கு. ஓர் இடத்தைக் குறித்து ‘30 நிமிடம்’ என்று கொடுத்தால், அந்த நேரத்துக்குள் போகக்கூடிய பகுதியை நிழலிட்டுக் காட்டும் பயண நேர மேப். யோசனை புதிதல்ல. லண்டனிலிருந்து உலகின் எந்தப் பகுதிக்குப் போக எத்தனை நாள் என்று பிரிட்டிஷ் அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1881-லேயே இப்படி வரைந்திருக்கிறார்.

முதலில் நானும் எல்லோரையும் போல அலுவலகத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டேன். வட்டத்துக்குள் அருமையான வீடு ஒன்று கிடைத்தது. நடுவில் ஆறு, இருப்பதோ ஒரே பாலம். காலையில் 50 நிமிடம் ஆகும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பயண நேர மேப்பில் வட்டமே வராது. ரயில் பாதை போகும் பக்கமெல்லாம் ஆக்டோபஸ் போலக் கை நீட்டும். அப்படி நீண்ட ஒரு கையின் நுனியில், 14 கிலோமீட்டர் தள்ளி, இப்போது குடியிருக்கிறேன். வீட்டு வாசலிலிருந்து 35 நிமிடம்.

ஒரு எச்சரிக்கை. ஓப்பன்ரூட்சர்வீஸ் என்ற தளம் சாலை வழிப் பயணத்துக்கு இலவசமாக இந்த மேப்பை வரைந்து தரும், ஆனால் சாலையின் வழக்கமான வேகத்தை வைத்துத்தான் கணக்கு. அன்றைய நெரிசல் அதில் வராது. அதனால் கிடைத்த பகுதிகளை கூகுள் மேப்ஸில் போட்டு, திங்கட்கிழமை காலை 9 மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கொடுத்துப் பாருங்கள். மாலையில் திரும்பி வருவதையும் தனியாகப் பாருங்கள். எனக்கு இரண்டுக்கும் 20 நிமிடம் வித்தியாசம் காட்டிய பேட்டை ஒன்று உண்டு.

தெருவை நேரில் பார்ப்பது போலக் காட்டும் கூகுளின் ஸ்ட்ரீட் வியூவும் பார்க்கத்தான் வேண்டும். பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள், அவற்றில் சிலது பல வருடம் பழையது. படத்தின் தேதியைப் பார்த்துக்கொண்டால் சரி.

சுற்றுலாவுக்கு இந்த முறையை இரண்டு தடவைதான் பயன்படுத்தியிருக்கிறேன், அடித்துச் சொல்ல அது போதாது. தங்கும் விடுதியிலிருந்து 20 நிமிட நடையில் எதெல்லாம் வருகிறது என்று பார்த்தது உதவியது. இரண்டு நாள் பயணத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றும் தோன்றியது.

இப்போதைய வீட்டுக்குப் பின்னால் ஒரு கிடங்கு. மேப்பில் சாம்பல் நிறக் கட்டமாக அதுவும் தெரிந்தது. விடியற்காலை 4 மணிக்கு அங்கே லாரி வந்து நிற்கும் என்பதைக் குடிவந்த முதல் நாளில்தான் தெரிந்துகொண்டேன்.