மவுன்ட் ஆகாத க்யூகௌ2: என்பிடியா, கெஸ்ட்மவுன்ட்டா?

விர்ச்சுவல் மெஷின் பூட் ஆகவில்லை. உள்ளே இருக்கும் நாலு ஃபைலை எடுத்தால் போதும் என்று அதன் டிஸ்க் ஃபைலை லினக்ஸ் ஹோஸ்ட்டில் (மெஷினை ஓட்டும் நிஜக் கணினியில்) மவுன்ட் செய்து பார்க்கிறோம். 'ராங் எஃப்எஸ் டைப், பேட் சூப்பர்பிளாக்' என்று முகத்தில் அடிக்கிறது. பதற வேண்டாம், பெரும்பாலும் டிஸ்க் கெட்டிருக்காது. ஒரு ஃபைலை டிஸ்க் போலத் திறக்கும் சாதாரண லூப் மவுன்ட், டிஸ்க்கின் பைட்டுகள் அப்படியே இருக்கும் 'ரா' இமேஜுக்குத்தான் பொருந்தும். விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் மென்பொருளான கியூஎமுவின் க்யூகௌ2 என்ற டிஸ்க் ஃபைல் அமைப்பு அதற்குப் புரியாது. ரா இமேஜிலும் முதல் பார்ட்டிஷன் வழக்கமாக 2048-ஆவது செக்டாரில், அதாவது 10,48,576 பைட் தள்ளித்தான் தொடங்கும். லூப் மவுன்ட்டுக்கான லோசெட்டப் கமாண்டில் பெரிய எழுத்து 'பி' ஆப்ஷனைக் கொடுத்தால் அந்தக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும்.

க்யூகௌ2-ஐ ராவாக மாற்றிவிடலாமே என்றால், மாற்றலாம். நாலு ஃபைலுக்காக 200 ஜிபி டிஸ்க்கை உருட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஆக, நிஜமான போட்டி க்யூகௌ2-ஐ நேராகத் திறக்கும் இரண்டு டூல்களுக்குள்தான்: கியூஎமு-என்பிடி, கெஸ்ட்மவுன்ட்.

கியூஎமு-என்பிடி வேகமானது. என்பிடி கெர்னல் மாட்யூலை ஏற்றி, டிஸ்க்கை இணைத்துவிட்டால் அது சொந்த ஹார்ட் டிஸ்க் மாதிரியே தெரியும். ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்செக் ஓட்டலாம், பார்ட்டிஷனைத் திருத்தலாம். சிக்கலும் அதே இடத்தில்தான். கெஸ்ட்டின், அதாவது விர்ச்சுவல் மெஷினின், ஃபைல் சிஸ்டத்தை உங்கள் ஹோஸ்ட் கெர்னலே படிக்கிறது. நம்பகமில்லாத இமேஜ் என்றால் அது ஆபத்து. ஹோஸ்ட்டும் கெஸ்ட்டும் ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து பிறந்தவை என்றால் எல்விஎம் (லினக்ஸின் டிஸ்க் பங்கீட்டு முறை) வால்யூம் குரூப் பெயர்கள் மோதும். எக்ஸ்எஃப்எஸ் வகை ஃபைல் சிஸ்டம் என்றால் யூயூஐடி (அதன் அடையாள எண்) ஒன்றாக இருக்கிறது என்று மவுன்ட் செய்ய மறுக்கும். 'நோயூயூஐடி' ஆப்ஷன் போட வேண்டும். அப்புறம், வேலை முடிந்ததும் துண்டிக்க மறக்கக் கூடாது. நான் மறந்திருக்கிறேன். மெஷினை ஸ்டார்ட் செய்தால் 'ரைட் லாக்' கிடைக்கவில்லை என்ற பிழை. அரைமணி நேரம் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

கெஸ்ட்மவுன்ட் வேறு ரகம். அதன் பின்னால் இருக்கும் லிப்கெஸ்ட்எஃப்எஸ் என்ற லைப்ரரி ஒரு குட்டி விர்ச்சுவல் மெஷினைக் கிளப்பி, டிஸ்க்கை அதற்குள் திறந்து, ஃபைல்களை மட்டும் ஃபியூஸ் (கெர்னலுக்கு வெளியே ஓடும் ஃபைல் சிஸ்டம் வசதி) வழியாக நமக்குக் காட்டுகிறது. எல்விஎம் மோதல் ஹோஸ்ட்டை எட்டாது. சின்ன எழுத்து 'ஐ' ஆப்ஷன் கொடுத்தால் உள்ளே எந்த ஓஎஸ், எது ரூட் என்று அதுவே கண்டுபிடிக்கும். கிளம்பச் சில விநாடிகள் ஆகும், பெரிய காப்பி என்றால் மெதுவாகத்தான் போகும். அந்தக் குட்டி மெஷின் ஹோஸ்ட்டின் கெர்னலைத்தான் பயன்படுத்தும்; உபுண்டுவில் கெர்னல் ஃபைலை ரூட் யூசர் மட்டுமே படிக்க முடியும் என்பதால் சாதாரண யூசராக ஓட்டினால் தோற்கும். சரி, சூடோ போட்டால்? மவுன்ட் ரூட்டுக்கு மட்டுமே தெரியும். 'அலோ அதர்' ஆப்ஷனும் வேண்டும்.

இரண்டுமே கைவிரிக்கும் இடங்களும் உண்டு. வேறு கணினியிலிருந்து ஸ்னாப்ஷாட் ஃபைலை மட்டும் காப்பி செய்து வந்திருந்தால் அதன் பேக்கிங் ஃபைல் (ஸ்னாப்ஷாட் சார்ந்திருக்கும் மூல டிஸ்க்) இருக்காது. 'கியூஎமு-இமேஜ் இன்ஃபோ' கமாண்ட் அதைச் சொல்லிவிடும். விண்டோஸ் கெஸ்ட் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்போடு மூடப்பட்டிருந்தால் எழுத விடாது, ரீட்-ஒன்லியாக மட்டும் திறக்கலாம்.

ஃபைல் எடுக்கத்தான் என்றால் என் கை முதலில் ரீட்-ஒன்லி கெஸ்ட்மவுன்ட்டுக்கே போகும். ஃபைல் சிஸ்டத்தையே சரிசெய்ய வேண்டியிருந்தால் டிஸ்க்கை ஒரு காப்பி எடுத்துவிட்டு என்பிடி. மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் கிடையாது. முதலில் அதை நிறுத்துங்கள்.