அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஸ்டாக்கில் நிற்கிற வண்டியைத் தலையில் கட்டுகிறார்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பைக் எடுக்கப் போகிறவர்கள் கவனிக்கவும். குலசேகரத்துக்கு மேலே ரப்பர் வெட்டுக்குப் போகும் ஒருவர் 110 சிசி வண்டி கேட்டு, ஒரு ஷோரூமில் 5,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார். பத்து நாள் கழித்து, "அது வர ரெண்டு மாசம் ஆகும்ணே, இந்த 160 இன்னைக்கே டெலிவரி. மாசம் 900 ரூவாதான் கூட" என்று பேசி ஸ்போர்ட்ஸ் மாடலைத் தள்ளிவிட்டார்கள். 36 மாதத் தவணைக்கு அந்த 900 ரூபாய் 32,400 ஆகும் என்பதை யாரும் சொல்லவில்லை.

வண்டி பார்க்கக் கொள்ளாம். ஆனால் பின்சீட் தனியாக உயர்ந்து நிற்கிறது. ரப்பர் ஷீட் கட்டு வைக்க கேரியர் மாட்ட வழியில்லை. செயினுக்கு முழு மூடி கிடையாது. செம்மண் சேறு அப்பி, செயினும் ஸ்ப்ராக்கெட்டும் சீக்கிரம் தேயும். இந்த ரக எஞ்சினுக்கு நல்ல இழுவை ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறினால்தான் வரும். விளைப்பாதை (தோட்டப்பாதை) ஏற்றத்தில் நடை வேகத்தில் போக, கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டவேண்டும், பிளேட் கருகிவிடும். அகலமான, பட்டன் இல்லாத டயர் மழையில் வழுக்கும். இதே வண்டி, நாலுவழிச் சாலையில் தினமும் திருநெல்வேலி போய்வருகிறவருக்குச் சரி. ஆரல்வாய்மொழியில் பக்கக்காற்று அடிக்கும்போது 110 கிலோ வண்டி ஆடும், எடை கொஞ்சம் கூடினால் நல்லது. குளச்சல், முட்டம்காரர்கள் ஸ்போக் வீலைத் தவிர்த்து அலாய் எடுங்கள்; உப்புக்காற்றில் கம்பிதான் முதலில் துருப்பிடிக்கும்.

டெஸ்ட் ரைடுக்கு ஷோரூம் வாசல் சமதளம் போதாது. பின்னால் ஒரு ஆளை ஏற்றி, ஏற்றத்தில் நிறுத்தி, மறுபடி எடுத்துப் பாருங்கள். எஞ்சினை அணைத்து, உட்கார்ந்தபடி பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கால் பதியாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.

பில்லில் சாரி கார்டுக்கும் பின்சீட் கைப்பிடிக்கும் தனிக் காசு போட்டால் விடாதீர்கள். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதிப்படி அவை வண்டியோடு வரவேண்டியவை. புது வண்டிக்கு 5 வருட தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம்தான், அதை ஷோரூமிலேயே எடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

முக்கியமாக, அட்வான்ஸ் ரசீதில் மாடல், வேரியண்ட், டெலிவரி தேதி, தேதி தவறினால் முழுப் பணமும் திரும்ப என்கிற வரி, நாலும் எழுதி சீல் வைத்த பிறகு பணத்தை நீட்டுங்கள். மேலே சொன்னவரின் ரசீதில் "புக்கிங்" என்று மட்டும் இருந்தது. 110தான் கேட்டேன் என்று காட்ட அவர் கையில் ஒன்றும் இல்லை.