டக்ராம்: ரோபோவை லாரியில் ஏற்றிக்கொண்டு 75 எபிசோடு

ரோபோ சண்டை பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், கோட்டு சூட்டுப் போட்ட பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். 'சூரியனின் கோரைப்பல் டக்ராம்' என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்லும் எச்சரிக்கை இது. கேட்டவர்களில் பாதிப் பேர் இதோடு விலகிவிடுவார்கள். மீதிப் பேருக்காகத்தான் இந்தப் பதிவு.

1981 அக்டோபர் 23 அன்று டிவி டோக்கியோவில் தொடங்கி, 1983 மார்ச் 25 வரை வெள்ளிக்கிழமைதோறும் ஓடிய தொடர். மொத்தம் 75 எபிசோடு. தயாரிப்பு சன்ரைஸ், இயக்கம் ரியோசுகே தகாஹாஷி, இணை இயக்கம் தகேயுகி கான்டா, இயந்திர வடிவமைப்பு குனியோ ஒகவாரா. இது முடிந்த மறு வாரமே அதே தகாஹாஷியின் அடுத்த ரோபோத் தொடரான 'வோடம்ஸ்' தொடங்கியது. வோடம்ஸுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. டக்ராமைச் சொன்னால் ஜப்பானுக்கு வெளியே பலரும், "கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறதே" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எண்பதுகளின் மெக்கா அனிமேயில், அதாவது ராட்சத ரோபோத் தொடர்களில், நான் அதிகம் திரும்பிப் போனது இதற்குத்தான். முதலில் ரசிகர்கள் போட்ட வசன வரிகளோடு, மங்கலான வீடியோவில், அதுவும் பாதியில் நின்றுபோன நிலையில் பார்த்தேன். பிறகு ஒழுங்கான டிஸ்க் கிடைத்தது. நடுவில் சில வருடங்கள் தொடாமலே இருந்ததும் உண்டு. அதனால் முதல் ஆர்வத்தில் எழுதும் பாராட்டாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கதையின் முடிவும் வரும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கதை நடப்பது டெலோயா என்ற காலனிக் கிரகத்தில். பூமிக் கூட்டமைப்புக்கு உணவும் தாதுவும் அனுப்பிக்கொண்டு, பதிலுக்கு இரண்டாந்தரக் குடிமக்களாக வாழும் மக்கள். ஆளுநர் ஃபான் ஸ்டைன் திடீரென்று ராணுவப் புரட்சி செய்கிறார். பிணைக் கைதிகளில் ஒருவர் கூட்டமைப்பின் தலைவர் டோனன் காஷிம். அவருடைய கடைசி மகன் கிரின், அப்பாவை மீட்கும் படையில் சேர்ந்து டெலோயாவுக்கு வருகிறான். வந்த பிறகுதான் தெரிகிறது, அந்தப் புரட்சியே நாடகம். உண்மையான விடுதலை இயக்கத்தை முளையிலேயே கிள்ள டோனனும் ஃபான் ஸ்டைனும் சேர்ந்து போட்ட கணக்கு. டெலோயாவுக்கு 'எட்டாவது மாநிலம்' என்று ஒரு பட்டம், ஃபான் ஸ்டைனுக்கு ஒரு நாற்காலி, பூமிக்குப் பழையபடியே வருமானம். பையன் அப்பாவை விட்டு விலகி, விடுதலை இயக்கத் தலைவர் டாக்டர் சமாலினின் பக்கம் போய், அவர்கள் ரகசியமாகச் செய்த டக்ராம் என்ற இயந்திரத்தின் ஓட்டுநராகிறான்.

இதெல்லாம் தெரியவருவதற்கு முன்னாலேயே முதல் எபிசோடு முடிவைக் காட்டிவிடுகிறது. பாலைவனத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் டக்ராம். போர் முடிந்துவிட்டது, கதாநாயகனின் ரோபோ குப்பை. பிளாஸ்டிக் மாடல் விற்பதற்காக எடுக்கிற தொடரின் முதல் எபிசோடில், விற்க வேண்டிய பொருளையே உடைந்த சாமானாகக் காட்ட ஒரு துணிச்சல் வேண்டும். விளம்பரதாரரான பொம்மை நிறுவனம் தகாரா எப்படிச் சம்மதித்தது என்று இன்னும் எனக்கு ஆச்சரியம்தான்.

சரி, இத்தனை வருடம் பார்த்ததில் எது தங்குகிறது? எனக்கு லாரிதான். டக்ராம் பறக்காது. நீண்ட தூரம் நடக்கவும் அதைக் கட்டாயப்படுத்த முடியாது. அதனால் 'சூரியனின் கோரைப்பல்' என்ற கொரில்லாக் குழு அதை ஒரு பெரிய டிரெய்லரில் படுக்கவைத்து, தார்ப்பாய் போட்டு, ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போகிறது. எரிபொருள் தீர்கிறது, குண்டு தீர்கிறது, உதிரிபாகம் கிடைப்பதில்லை. வழியில் சோதனைச் சாவடி, உதவுவதாகச் சொல்லிக் காட்டிக்கொடுக்கிறவன், பயந்துபோன விவசாயி. இருக்கிற ஒரே ஆயுதத்தைப் பட்டினி போடாமல் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு. கொரில்லாப் போரில் பெரும்பகுதி சுமை தூக்குவதுதான் என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய இன்னொரு ரோபோத் தொடரை நான் பார்த்ததில்லை.

இயந்திரங்களின் உலகமும் இதே புத்தியோடு கட்டப்பட்டது. காம்பாட் ஆர்மர் என்று அழைக்கப்படும் இந்த நடக்கும் ஆயுதங்கள் பத்து மீட்டருக்கும் கொஞ்சம் குறைவான உயரம்தான். புகழ்பெற்ற 'குண்டம்' (Gundam) தொடரின் ரோபோவுடைய 18 மீட்டரோடு ஒப்பிட்டால் பாதியைச் சற்றுத் தாண்டும். முகத்தின் இடத்தில் கண்ணும் மூக்கும் கிடையாது, ஹெலிகாப்டரின் கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒன்று இருக்கும். அதற்குள் ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வெளியிலிருந்தே தெரியும். டெலோயாவைச் சுற்றிலும் எக்ஸ் நெபுலா என்ற விண்முகில் இருப்பதால் கணினிகள் தடுமாறும். பூமியிலிருந்து வந்த சோல்டிக் வகை ஆர்மர்கள் இங்கே திணறுவதற்கும், இந்தச் சூழலுக்கென்றே செய்த டக்ராம் அவற்றை மிஞ்சுவதற்கும் அதுதான் காரணம். வசதியான காரணம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு முறை சொல்லிவிட்டுக் கதை அந்த விதிக்குக் கட்டுப்பட்டே நடக்கிறது. ஹெலிகாப்டர் வந்தால் ஆர்மருக்கு ஆபத்து, மணலில் கால் புதைந்தால் ஆபத்து, பக்கத்தில் ஒளிந்திருக்கும் காலாட்படையாலும் ஆபத்து.

அப்புறம் அந்த மேசைக் காட்சிகள். சின்ன வயதில் இவற்றை வேகமாக ஓட்டிவிட்டுச் சண்டைக்குப் போவேன். இப்போது சண்டை வந்தால்தான் டீ போட எழுந்து போகிறேன். டோனன் காஷிம் வில்லன் கிடையாது என்பதுதான் இதில் சூட்சுமம். டெலோயாவுக்கு உரிமை வேண்டும் என்பதை அவரும் மறுப்பதில்லை. ஆனால் மெதுவாக, கூட்டமைப்பு உடையாமல், தான் வகுத்த வழியில் வர வேண்டும். அதற்காகப் பொய் சொல்கிறார், கைது செய்கிறார், சொந்த மகனை எதிரிப் பட்டியலில் பார்த்துக்கொண்டே கோப்பில் கையெழுத்துப் போடுகிறார். மகன் எதிரே நின்று கத்துகிற காட்சிகளை விட, மகனைப் பற்றி வந்த அறிக்கையை அவர் தனியாகப் படிக்கிற காட்சிகளில் கனம் அதிகம்.

அவருக்குப் பக்கத்திலேயே ஹெல்முட் லகோக். உதவியாளராக நுழைந்து, முதலாளியின் உடம்பு தளரத் தளர ஒவ்வொரு படியாக ஏறுகிறவன். இந்தத் தொடரின் மிகச் சிறந்த பாத்திரம் எது என்று கேட்டால் தயங்காமல் இவனைத்தான் சொல்வேன். துப்பாக்கியே தூக்காமல், யாரை எந்தக் கூட்டத்துக்கு அழைப்பது, எந்தச் செய்தியை எவ்வளவு தாமதமாகக் கொடுப்பது என்பதை வைத்தே நகர்கிறான். கடைசியில் அவனைச் சுடுவது கொரில்லாக்கள் கிடையாது. அவனே எலும்புத் துண்டு போட்டு வளர்த்த டெஸ்டன் என்ற துரோகி. பத்திரிகையாளர் லார்டாஃப் வேறு உண்மையைத் தேடி அலைந்து, வேலையையும் இழக்கிறார். ஒவ்வொரு வாரமும் அடுத்த எபிசோடு முன்னோட்டத்தில், நீதியை விட உண்மையே வேண்டும் என்ற பொருளில் ஒரு கோணல் ஆங்கில வாசகம் திரையில் வரும். சிரிப்பு வரும், ஆனால் தொடர் அந்த வாசகத்தைச் சீரியஸாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

கடைசி எபிசோடுகளில் விடுதலை வருகிறது. ஆனால் சமாலின் கேட்ட விடுதலை அது கிடையாது. மிதவாதிகள் கூட்டமைப்போடு பேசி ஒரு சமரசத்துக்கு வருகிறார்கள், கொரில்லாக்களிடம் ஆயுதத்தைக் கீழே போடச் சொல்கிறார்கள். போராடியவர்களே புதிய அரசாங்கத்துக்குத் தலைவலி ஆகிவிடுகிறார்கள். டோனன் நோயில் போய்ச் சேர்கிறார், சமாலினும் இறக்கிறார். கிரின் தன் கையாலேயே டக்ராமுக்குத் தீ வைக்கிறான். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் நேரான பதில் இல்லை. 1983-ல் மாலை நேரத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பையன்களுக்கு இது என்னவாகப் பட்டிருக்கும்!

இனி குறைகள். இவை சின்னக் குறைகள் இல்லை.

நீளம்தான் முதல் எதிரி. மாடல் பெட்டிகள் நன்றாக விற்றதால்தான் தொடர் ஒன்றரை வருடத்துக்கு நீண்டது என்று சொல்வார்கள், பார்த்தாலும் அப்படித்தான் தெரிகிறது. நடுப்பகுதியில் எபிசோடுகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்: லாரி போகிறது, துரத்துகிறார்கள், பள்ளத்தாக்கில் மடக்குகிறார்கள், டக்ராம் எழுந்து நிற்கிறது, இரண்டு சோல்டிக் வெடிக்கின்றன, லாரி போகிறது. பழைய காட்சிகளை ஒட்டிப்போட்ட நினைவூட்டல் எபிசோடுகள் வேறு. 75-ல் இருபதையாவது வெட்டியிருந்தால் கதைக்கு ஒரு நஷ்டமும் வந்திருக்காது. லாரிப் பயணத்தின் அலுப்பு நமக்கும் ஏற வேண்டும் என்றுதான் இந்த நீளம் என்று சிலர் வாதாடுவார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆனால் அலுப்பைக் காட்டுவது வேறு, அலுப்பூட்டுவது வேறு.

படம் வரைந்த தரம் வாரத்துக்கு வாரம் மாறும். பாத்திரங்களை வடிவமைத்த சோஜி யோஷிகாவாவின் முகங்கள் ஏற்கெனவே கொஞ்சம் மரக்கட்டை, மோசமான வாரத்தில் ஒரே ஆளை அடையாளம் காண உடையைப் பார்க்க வேண்டியிருக்கும். வெடிக்கும் சோல்டிக்கின் அதே வரைபடம் திரும்பத் திரும்ப வந்து, பழைய நண்பனைப் போல ஆகிவிடுகிறது.

இதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. எரிபொருளுக்கும் குண்டுக்கும் இவ்வளவு கணக்குப் பார்க்கிற கதை, டக்ராமின் உயிருக்கு மட்டும் கணக்கே பார்ப்பதில்லை. ஒரே ஒரு முன்மாதிரி இயந்திரம், கிட்டத்தட்ட போர் முழுவதும் தாக்குப்பிடிக்கிறது. எதிரியின் அனுபவசாலி ஓட்டுநர்கள் பக்கத்தில் நின்று சுட்டாலும் குறி தவறுகிறது. லாரிக்கு ஒரு நியாயம், ரோபோவுக்கு ஒரு நியாயம்! பொம்மை விற்பனையின் நிழல் இங்கேதான் நன்றாகத் தெரிகிறது.

பாத்திரங்களிலும் பெரியவர்களுக்குக் கிடைத்த கவனிப்பு இளைஞர்களுக்குக் கிடைக்கவில்லை. கிரின் பூமியில் பிறந்தவன் என்பதால் குழுவில் அவன்மேல் இருக்கும் சந்தேகம், தலைவன் ராக்கியோடு உரசல், இவை ஆரம்பத்தில் நன்றாகத் தொடங்கிச் சீக்கிரமே கரைந்துவிடுகின்றன. பிறகு கிரின் பிடிவாதமும் கோபமும் மட்டுமே. சிக்கோவும் நனாஷியும் ஆள் எண்ணிக்கைக்கு இருக்கிறார்கள். கேனரிக்குத் துப்பாக்கி கொடுத்தார்கள், கதை கொடுக்கவில்லை. கிரினைத் தேடி பூமியிலிருந்து கிளம்பி வருகிற பணக்காரப் பெண் டெய்ஸியும் நெடுநாள் வெறும் காதலியாகவே சுற்றுகிறாள். காயம்பட்டவர்களுக்கு மருத்துவ உதவி செய்யத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கென்று ஒரு கண் திறக்கிறது. அந்தப் பகுதி எனக்குப் பிடிக்கும், ஆனால் அங்கே போய்ச்சேர எத்தனை எபிசோடு!

இசைக்கு 'அல்ட்ரா செவன்' என்ற ஜப்பானிய சாகசத் தொடரால் புகழ்பெற்ற தோரு ஃபுயுகி. குறை சொல்ல எதுவும் இல்லை, அணிவகுப்பு இசையும் சோக இசையும் அந்தந்த இடத்தில் கச்சிதம்.

தொடரைப் பார்க்காதவர்கள்கூட இதன் இயந்திரங்களைப் பார்த்திருக்க வாய்ப்புண்டு. 1984-ல் அமெரிக்காவில் 'பேட்டில்டிராய்ட்ஸ்' என்று வந்து, பிறகு 'பேட்டில்டெக்' என்று பெயர் மாறிய பலகை விளையாட்டு டக்ராமின் வடிவங்களை எடுத்துக்கொண்டது. அதன் ஷேடோ ஹாக் என்பது டக்ராமேதான், கிரிஃபின் என்பது சோல்டிக். பிறகு உரிமை வழக்குகளின் சூட்டில் அந்தப் படங்களை விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாடல் கட்டுகிறவர்களுக்கு மேக்ஸ் ஃபேக்டரி பிற்காலத்தில் 1/72 அளவில் புதிதாக அச்சு எடுத்து வெளியிட்ட வரிசை நல்ல தேர்வு. நான் டக்ராமும் சோல்டிக்கும் கட்டியிருக்கிறேன். பாகங்கள் சின்னவை, அவசரப்பட்டால் கண்ணாடிக் கூண்டில் பசை படிந்து கெட்டுவிடும். ஆனால் பெயின்டில் சேறும் துருவும் பூச இதைவிடப் பொருத்தமான ரோபோ கிடையாது, பளபளப்பாக வைத்தால்தான் அசிங்கமாக இருக்கும்.

குண்டம் வரிசையில் '08-வது எம்எஸ் டீம்' பிடித்தவர்கள் இதை ஒரு முறையாவது தொட்டுப் பார்க்க வேண்டும். காட்டுக்குள் சேறும் கொரில்லாக்களுமாகப் போகும் அந்தத் தொடரைத் தொடங்கியவர் டக்ராமின் இணை இயக்குநரான இதே கான்டாதான். 1996-ல் அதை முடிக்கும் முன்பே இறந்துபோனார்.

பார்க்க நினைப்பவர்களுக்கு: ஒரே மூச்சில் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மூன்று எபிசோடு போதும், வெள்ளிக்கிழமைத் தொடராக எடுத்ததை அப்படியே பார்த்தால் நடுப்பகுதியின் அலுப்பு பாதி குறைகிறது. ஃபான் ஸ்டைனின் நாடகம் வெளிப்படும் வரையாவது பொறுத்திருங்கள், அங்கேயும் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம், பின்னால் மாறப்போவதில்லை. நினைவூட்டல் எபிசோடுகளைத் தாண்டுங்கள். 1983 ஜூலையில் தியேட்டருக்கு வந்த சுருக்கப் படத்தை மாற்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 75 எபிசோடை ஒன்றரை மணி நேரத்துக்குள் திணித்ததில் மேசையும் போச்சு, லாரியும் போச்சு. அந்தப் படத்தோடு 'சோரோ க்யூ டக்ராம்' என்று ஒரு குட்டிக் கேலிப் படமும் திரையிட்டார்கள். எல்லா ஆர்மர்களும் கட்டை குட்டையான பொம்மைகளாகி ஓடிப் பிடித்து விளையாடும். 75-ஐயும் முடித்த பிறகு அதைப் போட்டுப் பாருங்கள், நன்றாகச் சிரிக்கலாம்.