ஆம்ப் வாங்கியவர்கள் அடுத்து போகவேண்டிய கடை

சென்னை ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சீட் கவர், ஸ்டீரியோ கடைகளைத் தாண்டி உள்சந்துக்குள் போனால் ஒரு சின்ன ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. பாய் கடை என்று கேட்டால் காட்டுவார்கள். காருக்கான ஸ்பீக்கரோ, பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்போ (ஆம்ப்ளிஃபயர்) இங்கே விற்பதில்லை. அதற்குப் போகவேண்டிய கரண்டை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. அதை இவ்வளவு அக்கறையாகச் செய்பவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

என் காரில் தொடர்ந்து 1000 வாட்ஸ் தரும் (ஆர்எம்எஸ்) மோனோ ஆம்ப், பேஸுக்கென்று 12 இன்ச் சப்வூஃபர் ஸ்பீக்கர். பேஸ் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கியது. ஆம்ப் மாட்டிய இடத்தில் கரண்டைச் சேமித்துவைத்துச் சட்டென்று தரும் ஒரு ஃபாரட் அளவு கெப்பாசிட்டர் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். பாய் முதலில் மல்டிமீட்டரை எடுத்தார். பாட்டை ஏற்றச் சொல்லிப் பார்த்தால் பேட்டரியில் 13.4 வோல்ட், டிக்கியில் ஆம்ப் டெர்மினலில் 11.6.

"பேட்டரில இருக்குறது டிக்கிக்கு வந்து சேரல தம்பி. நடுவுல வயரே தின்னுடுது."

பழைய வயரை வெட்டி, ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக அலுமினியம். சிசிஏ (செம்பு பூசிய அலுமினியம்) என்று விற்பது இதுதான். அதே தடிமன் செம்போடு ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் கரண்டைக் கடத்தும். கரண்ட் கார் பாடி வழியே திரும்பவேண்டிய எர்த் போல்ட்டோ பெயின்ட் மேலேயே முறுக்கப்பட்டிருந்தது.

கெப்பாசிட்டர் விஷயத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 80 சதவீதம் திறனுள்ள ஆம்ப் 1000 வாட்ஸ் கொடுக்க காரிலிருந்து 1250 வாட்ஸ் இழுக்கும், 13.8 வோல்ட்டில் அது சுமார் 90 ஆம்பியர். ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12.5க்கு இறங்கும்போது தருவது 20 ஜூல். முழு லோடில் அது ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்குக்குக்கூடத் தாங்காது. அந்தக் காசை வயரில் போடுவதே புத்திசாலித்தனம்.

பாய் போட்டது ஜீரோ கேஜ் என்ற தடித்த ஓஎஃப்சி வயர், அதாவது ஆக்ஸிஜன் நீக்கிய சுத்தச் செம்பு. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே 150 ஆம்பியர் ஏஎன்எல் ஃப்யூஸ் (அதிகக் கரண்டுக்கான வகை). எஞ்சினுக்கும் காரின் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தகரத்தில் (ஃபயர்வால்) வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் (குரோமெட்). வயர் நுனியில் மாட்டும் லக்குகளை ஹைட்ராலிக் கிரிம்ப்பரில் அழுத்தி, ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்த்த பிறகுதான் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) ஏற்றினார். எர்த் இடத்தில் பெயின்ட்டைத் தகரம் பளபளக்கும்வரை தேய்த்தார். எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பிளஸ், பேட்டரி மைனஸிலிருந்து பாடி, எஞ்சினிலிருந்து பாடி, இந்த மூன்றும் புது வயர். என் காரில் மைனஸ் டெர்மினலில் பேட்டரிக்குப் போய்வரும் கரண்டை அளக்கும் சென்சார் இருக்கிறது. புது எர்த்தை நேரே டெர்மினலில் மாட்டினால் சென்சாரைத் தாண்டி கரண்ட் போய்விடும், சார்ஜிங் கணக்கு குழம்பும். அதனால் சென்சாருக்கு அந்தப் பக்கம், பாடி பக்கமாக மாட்டினார். இதைக் கவனிக்கிறவர்கள் குறைவு.

இப்போது அதே பாட்டுக்கு ஆம்பில் 13.2 வோல்ட். பேஸ் இறுக்கமாக, அடி அடியாக விழுகிறது. சிக்னலில் ஏசியோடு நிற்கும்போது மட்டும் லைட் லேசாக அசைகிறது, ஐடிலில் ஆல்டர்னேட்டர் தருவது அவ்வளவுதான். பெரிய ஆல்டர்னேட்டர் போடலாமா என்று கேட்டேன். "இந்த ஆம்புக்கு வேணாம். ரெண்டாவது ஆம்ப் வெச்சா வாங்க" என்று சொல்லிவிட்டார்.

குறை என்றால், கூலி அக்கம்பக்கத்தைவிட அதிகம், கார் ஒரு முழுநாள் நிற்கவேண்டும், பார்க்கிங் கஷ்டம். டிக்கி கார்பெட் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது, சொன்னதும் சரிசெய்தார். சனி ஞாயிறு கூட்டம். வாரநாளில் காலையிலேயே போய்விடுங்கள். ஆம்போடு வந்த மேனுவலையும் எடுத்துப்போங்கள், அதிலுள்ள ஃப்யூஸ் அளவைத்தான் முதலில் கேட்பார்.