பன்னிரண்டு வாரம் வார்டிலா, வாரம் ஒரு மணி நேரமா?

இரண்டு ஆண்டுக்கு மேல் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மனச்சோர்வை நாட்பட்ட மனச்சோர்வு என்கிறார்கள். பலருக்கு அது இளவயதிலேயே தொடங்கிவிடும். நாளாக ஆக, "என் சுபாவமே இதுதான்" என்று அவர்களே முடிவுகட்டிவிடுவார்கள். ஜெர்மனியில் இவர்களுக்கு மாத்திரை, வெளியிலிருந்து வந்துபோகும் தெரபி, மருத்துவமனையிலேயே பல வாரம் தங்கிப் பெறும் தீவிர தெரபி என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றாவதற்கு அங்கே இருக்கும் வசதி பல நாடுகளில் இல்லை.

முதல் இரண்டையும் மோதவிட்ட பெரிய ஆய்வு 2000-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 681 பேர், 12 வாரம். தெரபி, ஜேம்ஸ் மெக்கல்லோ என்ற உளவியலாளர் நாட்பட்ட மனச்சோர்வுக்கென்றே உருவாக்கிய 'சிபாஸ்ப்' (CBASP): பிறரோடு நடந்த ஒவ்வொரு சம்பவத்தையும் படிப்படியாக அலசிப் பார்க்கும் முறை. சிகிச்சையை முழுதாக முடித்தவர்களில் மாத்திரை மட்டும் சாப்பிட்ட 55 சதவீதம் பேருக்கும், தெரபி மட்டும் பெற்ற 52 சதவீதம் பேருக்கும் பலன் கிடைத்தது. இரண்டும் சேர்ந்தபோது 85. எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். அப்புறம் அந்த மாத்திரை ஈரலைக் கெடுக்கிறது என்று பல நாடுகளின் சந்தையிலிருந்தே போய்விட்டது. 2009-இல் வந்த இன்னொரு ஆய்வில், மருந்து சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இதே தெரபியைச் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் தெரியவில்லை. 2017-இல் வந்த ஜெர்மன் ஆய்வில் 268 பேர், மாத்திரை இல்லாமல், 20 வாரம்: சிபாஸ்பில் 38.7 சதவீதம் பேருக்குப் பலன், சாதாரண ஆதரவு தெரபியில் 24.3. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சிபாஸ்பிலும் பத்தில் ஆறு பேருக்குப் போதிய பலன் கிடைக்கவில்லை.

சரி, உள்ளே தங்கினால் என்ன மாறும்? தெரபி நேரம் கூடுகிறது என்பது ஒரு பங்குதான். வெளியே நடக்கும் தெரபியில், போன செவ்வாய்க்கிழமை மனைவியோடு வந்த சண்டையை அடுத்த திங்கட்கிழமை நினைவிலிருந்து தோண்டி எடுக்க வேண்டும். வார்டில் அன்றைய சங்கதி அன்றைக்கே மேசைக்கு வரும். ஒரு கற்பனை உதாரணம்: காலை உணவின்போது எதிரில் இருந்தவர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுகிறார். பத்து மணி அமர்வில் தெரபிஸ்ட் சிபாஸ்ப் முறைப்படி கேட்பார்: என்ன நடந்தது? அதை எப்படி எடுத்துக்கொண்டீர்கள்? நீங்கள் என்ன செய்தீர்கள்? எப்படி முடிந்தது? எப்படி முடிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள்? "என்னோடு உட்கார யாருக்கும் பிடிக்காது. பேசாமல் எழுந்து போய்விட்டேன்" என்பவர், "எங்கே போறீங்க என்று கேட்டிருக்கலாம்" என்ற இடத்துக்கு மெல்ல வந்து சேர்கிறார். மதியச் சாப்பாட்டிலேயே அதைச் செய்து பார்க்கலாம். நர்ஸ்களுக்கும் இந்த முறையில் பயிற்சி இருப்பதால், அறைக்குள் கற்றது வராந்தாவிலும் தொடரும்.

ஜெர்மனியின் பிரெய்பர்க் நகரில் இப்படி 12 வாரம் தங்கிய 70 பேரைப் பின்தொடர்ந்தார்கள். மாத்திரைக்கும் பல சிகிச்சைகளுக்கும் மசியாத ஆட்கள். அவர்களில் நான்கில் மூன்று பேருக்குப் பலன். 40 சதவீதம் பேருக்கு நோய்க்குறிகள் அநேகமாக மறைந்தன. இந்த எண்ணை மேலே உள்ள 38.7-க்குப் பக்கத்தில் வைத்து மகிழ்வது தவறு. இவர்களில் பெரும்பாலோர் மாத்திரையும் எடுத்தார்கள், ஒப்பிட வேறொரு குழுவும் இல்லை. வீட்டுத் தொல்லையிலிருந்து மூன்று மாத விடுப்பு கிடைத்ததே பாதி வேலையைச் செய்திருக்கலாம்.

எனக்கு நம்பிக்கை தருவது அதே ஊரின் வேறொரு சிறிய ஆய்வு. நாட்பட்ட மனச்சோர்வோடு உள்நோயாளியாக இருந்த 45 பேர். எல்லோருக்கும் மாத்திரை, எல்லோரும் வார்டில். ஒரு பாதிக்கு மட்டும் ஐந்து வாரம், உறவுச் சிக்கல்களை மையமாக வைத்த தீவிர தெரபி. அவர்களில் 71 சதவீதம் பேருக்குப் பலன், மற்றவர்களில் 38. வார்டும் மாத்திரையும் இரு பக்கமும் ஒன்றே என்பதால், இந்த இடைவெளியைத் தெரபியின் கணக்கில் எழுதலாம். எண்ணிக்கை குறைவு என்பது உறுத்தத்தான் செய்கிறது.

செலவு? ஜெர்மனியில் அரசுக் காப்பீட்டில் இருப்பவர் நாளுக்கு 10 யூரோ, அதுவும் ஆண்டுக்கு 28 நாள் வரைதான் கட்ட வேண்டும். சம்பளம் ஆறு வாரம் வரை முழுதாக வரும். அதன்பின் காப்பீடு தரும் நோய்க்காலப் பணம் அதைவிடக் குறைவு. சின்னக் குழந்தை வீட்டில் இருந்தால் பணத்தைவிட அதுதான் பெரிய கேள்வி.

என் கணக்கில், மாத்திரையையும் வாராந்தர தெரபியையும் ஒழுங்காகச் சேர்த்துப் பார்க்காதவர் நேரே வார்டுக்குப் போக வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் அது வேறு கதை. இரண்டையும் பார்த்துத் தோற்றவருக்கு 12 வாரம் வீண் போகாது. ஆனால் பிரெய்பர்க்கில் பலன் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஓராண்டுக்குப் பிறகும் அது நிலைத்தது. வார்டில் எதிர் மேசைக்காரரிடம் பேசப் பழகியவர், வீட்டில் அதே பழைய அப்பாவின் எதிரில்தானே உட்கார வேண்டும்? வெளியே புதிதாகத் தெரபிஸ்ட் கிடைக்க ஜெர்மனியில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே சேருமுன் கேட்க வேண்டியது, வீடு திரும்பியபின் முதல் அமர்வு யாரிடம், எந்தத் தேதியில் என்பதை.